ரயில் போன பிறகு

இன்டியானா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஒஹையோ எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது ரிச்மண்ட். இன்டியானாபொலிஸிலிருந்து 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஒன்றேகால் மணி நேரம். வழிநெடுக அறுவடை முடிந்ததும் முடியாததுமாக மக்காச்சோள வயல்கள், இடையிடையே வெள்ளி நிறத் தானியக் குதிர்கள். ஊரின் கடைத்தெருவைத் தாண்டியதும் தரை சட்டென்று கீழே இறங்குகிறது. அடியில் வைட்வாட்டர் ஆறு. ஆறு என்று வரைபடம்தான் சொல்கிறது. நாங்கள் போன அக்டோபரில் வேட்டியை மடித்துக் கட்டாமலே கடந்துவிடலாம். கரையோரம் கூரையும் தூண்களுமாக எஞ்சி நிற்கும் ஒரு செங்கல் கட்டடம், தனியாக ஓர் உயரமான புகைபோக்கி, சுற்றிலும் புல்வெளி. சுவரில் ஜெனெட் ரெக்கார்ட்ஸ் என்ற பெயர், பக்கத்தில் ஒரு கிளி.

"இதைப் பாக்கவா மாமா இவ்வளவு தூரம்?" என்றான் அக்கா மகன். கொலம்பஸ் நகரில் டீசல் எஞ்சின் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். வாரக் கடைசியை எனக்காக விட்டுக்கொடுத்திருந்தான். அவன் மனதில் இருந்தது நயாகரா மாதிரி ஏதோ ஒன்று.

"லூயி ஆர்ம்ஸ்ட்ராங் முதல்முதலா பிளேட் குடுத்த இடம்டா இது."

"இங்கயா? இந்த ஊர்லயா?"

அவன் ஆச்சரியம் நியாயமானதுதான். ஜாஸ் என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, நியூயார்க் என்று மூன்று ஊர்களைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 1920-களின் முற்பாதியில் கறுப்பினக் கலைஞர்களின் ஜாஸை மெழுகில் பிடித்த இடங்களில் முக்கியமானது, குவேக்கர் சமயத்தவர் நிறைந்த இந்தச் சிற்றூரில், ஒரு பியானோ தொழிற்சாலையின் கொல்லையில் நின்ற மரக் கொட்டகை. ஸ்டார் பியானோ கம்பெனி 1872-லிருந்து பியானோ செய்துவந்தது. பிறகு கிராமபோன் பெட்டியும் செய்தது. பெட்டி விற்க வேண்டுமென்றால் தட்டும் வேண்டும் அல்லவா? உரிமையாளர்களான ஜெனெட் குடும்பத்தார் தங்கள் பெயரிலேயே 1917-ல் இசைத்தட்டு வெளியிடத் தொடங்கினார்கள். பக்கவாட்டில் கோடு வெட்டும் முறை தனக்கே சொந்தம் என்று விக்டர் கம்பெனி வழக்குப் போட்டது. ரிச்மண்ட்காரர்கள் வழக்காடி ஜெயித்தார்கள். அந்தத் தீர்ப்பு வந்ததால்தான் சின்னச் சின்னக் கம்பெனிகளும் துணிந்து தட்டுப் போட முடிந்தது.

கொட்டகை இப்போது இல்லை. அது ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ரயில் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருப்பார்கள். ஒலி தப்பாமலிருக்கச் சுவர்களில் கனத்த திரைகள். மெழுகு இளக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக அறையைச் சூடாகவே வைத்திருப்பார்கள். இன்டியானாவின் ஜூலை வெயிலிலும் அப்படித்தான். மின்சார மைக் வராத காலம் அது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் புனலை நோக்கி வாசிக்க வேண்டும். ஒலியின் அழுத்தத்தில் புனலின் கடைசியில் உள்ள மெல்லிய தகடு அதிர்ந்து, ஊசியை அசைத்து, சுழலும் மெழுகில் கோடு போடும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும், ஆகவே அதற்குத் தடை. யாருடைய சத்தம் அதிகமோ அவர் தூரத்தில் நிற்க வேண்டும். 1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் குழு சிகாகோவிலிருந்து வந்தபோது, இரண்டாவது கார்னெட் வாசித்த இளைஞன் ஆர்ம்ஸ்ட்ராங்கை மற்றவர்களிடமிருந்து பல அடி தள்ளி மூலையில் நிறுத்தினார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார். மறு வருடம் அவனையே கல்யாணமும் செய்துகொண்டார்.

அதே தசாப்தத்தில் இன்டியானா, கூ க்ளக்ஸ் க்ளானின் கோட்டையாக இருந்தது. கட்டணம் கொடுத்தால் யாருக்கும் தட்டு அழுத்தித் தருவது கம்பெனியின் வழக்கம். க்ளானின் பாட்டுகளும் இங்கேதான் தட்டாயின. கிங் ஆலிவருக்கும் அவரை வெறுத்தவர்களுக்கும் ஒரே புனல். கம்பெனிக்காரர்களைக் கொள்கை வீரர்கள் என்று புகழ்ந்து எழுதுபவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். அவர்களுக்கு வியாபாரம் நடந்தது, நமக்கு ஜாஸ் கிடைத்தது.

பள்ளத்தாக்கின் நடைபாதையில் இசைத்தட்டு வடிவத்தில் பெரிய பதக்கங்களைத் தரையில் பதித்திருக்கிறார்கள். 2007-ல் தொடங்கிய வேலை. ஆர்ம்ஸ்ட்ராங், ஜெல்லி ரோல் மார்ட்டன், பிக்ஸ் பைடர்பெக் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. நான் தேடிவந்தவருக்கும் உண்டு: ஹோகி கார்மைக்கேல். அவர் 1927 அக்டோபர் 31 அன்று இங்கே பதிந்த பாட்டு 'ஸ்டார்டஸ்ட்'.

தேடலின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்டார்டஸ்ட்' எனக்கு முதலில் கிடைத்தது ஆர்ம்ஸ்ட்ராங் 1931-ல் பதிந்த வடிவத்தில். அற்புதமான பதிவு, ஆனால் பாட்டு எங்கே என்று தெரியாது. மேலும் கீழுமாகத் தாவிச் செல்லும் மெட்டை அவர் ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, தாளத்தை மட்டும் வைத்து விளையாடுகிறார். ஏற்கெனவே பாட்டை அறிந்தவர்களுக்கு அது விருந்து. அறியாதவன் பாடு திண்டாட்டம். கீர்த்தனையைக் கேட்காமலே கல்பனாஸ்வரத்தை மட்டும் கேட்ட கதைதான். ஆகவே அலங்காரம் இல்லாமல், எழுதியவர் எழுதியபடி, தொகையறாவும் பாட்டும் சேர்ந்த எளிய பதிவு ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். இந்தப் பாட்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. இவ்வளவில் ஒன்றுகூடவா யோக்கியமாக இருக்காது என்ற நம்பிக்கை.

தொகையறா என்று நான் சொல்வது வெர்ஸ் எனப்படும் முன்பகுதியை. அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுகளுக்கு நம் சினிமாப் பாட்டு போலவே ஒரு முன்னுரை இருக்கும். 'ஸ்டார்டஸ்ட்'டில் அது பதினாறு அளவு. பிறகு வருகிற முப்பத்திரண்டு அளவுதான் எல்லாரும் முணுமுணுப்பது. பெரும்பாலான பாட்டுகளில் தொகையறாவைத் தள்ளிவிட்டால் ஒன்றும் குறையாது. இதில் குறையும். தொகையறா பாட்டைக் கொண்டுபோய் ஒரு விளிம்பில் நிறுத்துகிறது. பல்லவி ஆதார ஸ்ருதியின் கார்டில் தொடங்காமல் நான்காவது கார்டில் தொடங்கி, உடனே அதை மைனராக்குகிறது. முன்னுரை இல்லாமல் கேட்டால் அந்த இறக்கத்தின் காரணம் புரியாது. ஃப்ராங்க் சினாட்ரா 1961-ல் இதற்கு நேரெதிரான வேலை செய்தார். தொகையறாவை மட்டும் பாடிவிட்டு எழுந்து போய்விட்டார்! இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததோடு சரி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பதினாறு அளவின் மீது அவருக்கு இருந்த மரியாதையும் அதில் தெரிகிறது.

மூலம் வேண்டுமென்றால் முதல் தட்டுக்குத்தானே போக வேண்டும்? அதனால்தான் ரிச்மண்ட். கார்மைக்கேலுக்கு அப்போது இருபத்தெட்டு வயதுகூட நிரம்பவில்லை. சட்டம் படித்துப் பட்டம் வாங்கி, ஃப்ளோரிடாவில் வக்கீல் தொழிலுக்குப் போய், தான் எழுதிய 'வாஷ்போர்ட் ப்ளூஸ்' பாட்டை ரெட் நிக்கல்ஸ் குழு வாசித்த தட்டைத் தற்செயலாகக் கேட்டு, தொழிலை விட்டு ஊர் திரும்பியவர். இன்டியானாபொலிஸில் வாசித்துக்கொண்டிருந்த எமில் சைடெலின் குழுவினரைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். தட்டில் குழுவின் பெயர் 'ஹோகி கார்மைக்கேலும் அவர் கூட்டாளிகளும்'. மறுபக்கம் ஹவானாவைப் பற்றிய வேறொரு பாட்டு. மைக் அதற்குள் வந்துவிட்டிருந்தது, ஆனால் ஜெனெட்டின் மின்பதிவு பெரிய கம்பெனிகளின் தரத்துக்கு வரவில்லை.

காரில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்தத் தட்டின் நகலைப் போட்டோம். மூன்று நிமிடம். அக்கா மகன் ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, இது டான்ஸ் பாட்டு!"

அதுதான் விஷயம். உலகம் அறிந்த 'ஸ்டார்டஸ்ட்' மெதுவானது, பிரிவைப் பற்றியது, விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்பது. கார்மைக்கேலின் முதல் தட்டோ துள்ளலான நடை. ட்யூபா அடியில் குதிக்கிறது. நடுவில் அவருடைய பியானோ தனித்து வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானம். வார்த்தைகள் கிடையாது. மிட்செல் பாரிஷ் எழுதிய வரிகளோடு நியூயார்க்கின் மில்ஸ் பதிப்பகம் அச்சிட்டது 1929-ல். 1930-ல் சிகாகோவின் ஐஷம் ஜோன்ஸ் குழு நடையை இறக்கி, வயலினைக் கொண்டுவந்து வைத்தது. நாம் இன்று கேட்கும் காதல் பாட்டு அங்கேதான் பிறக்கிறது. இடையில் 1928-ல் கார்மைக்கேல் இதே ரிச்மண்டுக்குத் திரும்ப வந்து, தானே எழுதிய வரிகளோடு மறுபடி பதிந்தார். கம்பெனி அதை வெளியிடவே இல்லை.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் தட்டு. பிறகு தாள். அதற்குப் பிறகுதான் வேகம். எழுதியபடி வாசித்த பதிவு வேண்டும் என்று கிளம்பினால், எழுதியதே பதிவுக்குப் பிறகு என்று ஆகிறது. நம் கீர்த்தனைகளுக்கும் இதே நிலைதான். பாடியது முதலில், ஸ்வரப்படுத்தி அச்சிட்டது மிகப் பிற்பாடு. ஆனால் நமக்குப் பாடாந்தரம் என்ற ஒன்று இருக்கிறது: இன்னார் சிஷ்யர், இந்த வழி, இத்தனை சங்கதி. ஜாஸ்காரர்களுக்கு அந்த வழி கிடையாது. ஒருவர் வாசித்ததைத் தட்டில் கேட்டு இன்னொருவர் மாற்றுவதுதான் அவர்கள் வழி.

ரிச்மண்டில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தென்மேற்கே கிளம்பினோம். ப்ளூமிங்டன் போக வேண்டும், கார்மைக்கேலின் சொந்த ஊர். இன்டியானாபொலிஸ் வழியாகப் போனால் சீக்கிரம். அக்கா மகன் வீட்டில் ஒரு காபி குடிக்கலாம் என்று கொலம்பஸ் வழியாகச் சுற்றிப் போனோம். சாரினென் தந்தையும் மகனும் கட்டிய தேவாலயங்களைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து கட்டடக் கலைஞர்கள் வருகிற ஊர் அது. நான் காபி குடித்தேன்.

கொலம்பஸிலிருந்து 46-ஆம் எண் மாநிலச் சாலை, ப்ரவுன் கவுண்டி என்ற குன்றுப் பகுதியைத் தாண்டி மேற்கே போகிறது. இலையுதிர் காலத்து நிறங்களைப் பார்க்க வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. நகராத காரில் சண்டை போடுவது சௌகரியம். அக்கா மகன் கட்சி நாட் கிங் கோல். 1957-ல் வெளிவந்த 'லவ் இஸ் த திங்' தொகுப்பு. கார்டன் ஜென்கின்ஸின் வாத்திய அமைப்பு.

"தொகையறா இருக்கு, பாட்டு இருக்கு, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா இருக்கு, மெட்டைத் தொடவே இல்லை. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

எனக்கு அந்த வயலின்கள் வேண்டாம். கோலின் குரல் எளிமைதான். அதைச் சுற்றிப் பட்டு விரித்துவிட்டார் ஜென்கின்ஸ். பாட்டைவிடப் பட்டின் சரசரப்பு அதிகம். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ உங்களுக்கு எது?" என்றான். க்ளிஃபர்ட் ப்ரவுன் என்றேன். 1955 ஜனவரியில் பதிந்தது. அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அன்றைய ட்ரம்பெட்காரர்களில் கற்பனை வேகத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. அப்படிப்பட்டவர் தன் வித்தையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, மெட்டை மெட்டாகவே ஊதுகிறார். மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதில்தான் கலை. மறு வருடம் ஜூனில் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் விபத்தில் இறந்துபோனார்.

"அதுலயும் வயலின் இருக்கே மாமா?"

இருந்தது. நீல் ஹெஃப்ட்டியின் அமைப்பு. அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லாததால் பேச்சை மாற்றி பென் வெப்ஸ்டருக்குப் போனேன். 1940 நவம்பர் 7, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரம். டியூக் எலிங்டன் குழு ஒரு நடன மண்டபத்தில் வாசிக்கிறது. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கையோடு கொண்டுவந்த தட்டு வெட்டும் கருவியில் அதைப் பிடிக்கிறார்கள். அந்த இரவில் வெப்ஸ்டர் டெனர் சாக்ஸஃபோனில் 'ஸ்டார்டஸ்ட்' வாசித்திருக்கிறார். மெட்டை நூலிழையாகப் பிரித்துப் போடுகிறார். நான் தேடும் யோக்கியத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் தீவுக்கு ஒன்றே ஒன்று எடுத்துப் போகலாம் என்றால் அதைத்தான் எடுப்பேன். அதே ஆண்டின் ஆர்ட்டி ஷா பதிவு, பில்லி பட்டர்ஃபீல்டின் ட்ரம்பெட் முகப்போடு, லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. குறை சொல்ல முடியாது, நினைவிலும் நிற்பதில்லை.

ப்ளூமிங்டன் சுண்ணாம்புக்கல் ஊர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கல் இந்த வட்டாரத்திலிருந்து போனது. இன்டியானா பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் முழுக்க அதே வெளிறிய கல். கார்மைக்கேல் 1899-ல் இங்கே பிறந்தார். தந்தைக்கு மின்வேலை, வண்டி ஓட்டுதல் என்று நிலையில்லாத பிழைப்பு. அம்மா லைடா ஊமைப்படங்களுக்கும் மாணவர் நடனங்களுக்கும் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். மகனுக்குப் பியானோ அங்கிருந்து வந்தது. மீதியை இன்டியானாபொலிஸில் ரெஜினால்ட் டுவால் என்ற கறுப்பின பியானோக்காரரிடம் கற்றார். கார்மைக்கேலின் வரலாற்றில் ஓரிரு வரியோடு கடந்து போகப்படும் அந்தப் பெயர் இன்னும் பெரிதாக எழுதப்பட வேண்டியது என்பது என் எண்ணம்.

பல்கலைக்கழக வளாகத்தில் 2008-ல் வைத்த வெண்கலச் சிலையில் பியானோ முன் உட்கார்ந்திருக்கிறார், தலையில் தொப்பி. நீண்ட முகம். ஜேம்ஸ் பாண்டின் முகம் கார்மைக்கேலின் முகம் போல இருக்கும் என்று இயன் ஃப்ளெமிங் நாவலில் எழுதியது ஞாபகம் வந்து, அக்கா மகன் சிலைக்குப் பக்கத்தில் கையைத் துப்பாக்கியாக்கிப் படம் எடுத்துக்கொண்டான்.

ஊரில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு கோடை இரவில், படிப்பு முடிந்து ஊர் திரும்பிய கார்மைக்கேல், வளாகத்தின் குட்டிச்சுவரில் உட்கார்ந்து பழைய காதலை நினைத்தபோது மெட்டு தானாக வந்ததாம். சீட்டியடித்துக்கொண்டே புக் நுக் என்ற மாணவர் கடைக்கு ஓடி, மூடப்போகிற நேரத்தில் அங்கிருந்த பழைய பியானோவில் வாசித்துப் பார்த்தாராம். அவரே நினைவுக்குறிப்பில் எழுதியதுதான். அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து 2002-ல் புத்தகம் எழுதிய ரிச்சர்ட் சுதால்ட்டர் கார்னெட் வாசித்தவர், லேசில் நம்பாதவர். மெட்டு மெல்ல மெல்ல வளர்ந்திருக்க வேண்டும் என்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. காரணம், பாட்டுக்குள்ளே பிக்ஸ் பைடர்பெக் இருக்கிறார். கார்மைக்கேலின் நண்பர், கார்னெட் மேதை, 1931-ல் இருபத்தெட்டாம் வயதில் குடியால் அழிந்தவர். 'ஸ்டார்டஸ்ட்' மெட்டு கார்டின் ஸ்வரங்களில் ஏறி இறங்கி, எதிர்பாராத இடத்தில் திரும்புவது அப்படியே பிக்ஸின் மனோதர்மம். தொண்டைக்காக எழுதிய மெட்டு அல்ல அது. பாடகர்கள் அதனோடு மல்லுக்கட்டுவதும், ஊதுகிறவர்கள் கொஞ்சுவதும் அதனால்தான். தன் மகனுக்கு ஹோகி பிக்ஸ் என்று பேர் வைத்தவர் கார்மைக்கேல்.

புக் நுக் இருந்த இன்டியானா அவென்யூ கட்டடத்தில் இப்போது கோழி இறக்கை வறுவல் கிடைக்கிறது. அக்கா மகனுக்கு ஒருவழியாகப் பயணம் பிடித்துப்போனது.

கார்மைக்கேலின் தாள்கள், தட்டுகள், பியானோ, ஜூக்பாக்ஸ் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பாரம்பரிய இசை ஆவணக் காப்பகத்திடம் இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டிய இடம். நாங்கள் போனது சனிக்கிழமை மாலை. அதனால் கால் போனது ஒரு பழைய இசைத்தட்டுக் கடைக்கு. கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். நான் தேடுவதைச் சொன்னதும் சிரித்தார். "எளிமையா வேணும்னா வில்லி நெல்சன்," என்று 1978-ன் தொகுப்பை உருவி வைத்தார். நாட்டுப்புறப் பாடகர், ஒரு கிட்டார், சின்னக் குழு. எளிமைதான். ஆனால் வில்லி தாளத்துக்குப் பின்னால் சோம்பலாக நடந்து வருகிறவர். ஒரு வரிகூட உரிய இடத்தில் விழாது. அதைச் சொன்னேன். "உங்களுக்கு யார் வாசித்தாலும் பிடிக்காது போலிருக்கிறதே," என்றார் மிகவும் மரியாதையாக.

பிறகு ஐஷம் ஜோன்ஸின் ப்ரன்ஸ்விக் தட்டை எடுத்து, வேகத்தை மாற்றக்கூடிய சுழல்மேடையில் வைத்தார். ஊசி விழுந்ததும் எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம். விசையை லேசாக நகர்த்தினார். சுருதி ஏறியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். வயலின் மெலிந்து கீச்சிட்டது. எழுபத்தெட்டு என்று பேர் இருந்தாலும் அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதிந்தவை அல்ல என்று விளக்கினார். எழுபத்தெட்டில் பதிந்ததை எண்பதில் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி கூடிவிடும், நடையும் கூடும். கணினியில் ஏற்றுகிறவர் எந்த வேகத்தை நம்பினாரோ அதுதான் நாம் கேட்கும் சுருதி. அதற்குமேல் இரைச்சலை நீக்குகிறேன் என்று துடைத்தால், இரைச்சலோடு சிம்பலின் மினுக்கும் ஊதுகிறவரின் மூச்சும் சேர்ந்து போய்விடும். காலையில் ரிச்மண்டில் நாங்கள் கேட்டது அப்படித் துடைத்துவிட்ட நகல்தான். என்னைக் கேட்டால் அப்பளம் பொரியட்டும் என்பேன்.

கடையின் பின்பக்கம் விற்பனைக்கு ஒரு நெட்டைப் பியானோ. கடையில் பகுதிநேரமாக வேலை செய்த பெண், பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில் ஜாஸ் பியானோ படிப்பவள். இன்டியானாபொலிஸ்காரரான டேவிட் பேக்கர் அங்கே ஜாஸை ஒரு பாடமாக நிலைநாட்டியதிலிருந்து இந்த ஊருக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பழைய அச்சுத்தாள்கள் அடுக்கிய பெட்டியிலிருந்து 'ஸ்டார்டஸ்ட்'டை அவளே எடுத்துவந்தாள். ஓரம் பழுப்பேறியிருந்தது, மடிப்பில் யாரோ ஒட்டிய காகிதம்.

"இதில் இருப்பதை மட்டும் வாசித்துக் காட்ட முடியுமா? ஒன்றும் சேர்க்காமல்?"

"தாளில் இருப்பதை மட்டுமா?" என்று கேட்டாள். கொஞ்சம் விசித்திரமான வேண்டுகோளாக இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தாள். கண் தாளைவிட்டு அகலவில்லை. தொகையறா பதினாறு அளவு, பாட்டு முப்பத்திரண்டு. இடது கை எழுதியபடி, வலது கை எழுதியபடி. பியானோவின் மேல்வரிசையில் ஒரு கட்டை அழுத்தினால் எழவில்லை. மெட்டு தன் பாட்டுக்குத் தாவியது, திரும்பியது, நான்காவது கார்டிலிருந்து மைனருக்கு இறங்கியது. அலங்காரம் எதுவும் இல்லாததால் அந்த இறக்கம் பிக்ஸின் குறும்பு என்பது பளிச்சென்று தெரிந்தது. கைபேசியில் பதிந்துகொண்டேன். தேடி அலைந்தது இதுதான்.

"கிடைச்சுதா?" என்றான் அக்கா மகன்.

கிடைத்தது என்றேன். இன்னொரு முறை கேட்கலாம் என்ற பேராசையில் மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடி தொகையறா, அதே நிதானம். பாட்டு தொடங்கிய ஐந்தாவது அளவில் இடது கை வேறெங்கோ போனது. தாளில் இல்லாத ஒரு கார்டு. அதை நியாயப்படுத்துவதற்காக வலது கை மெட்டை ஒரு ஸ்வரம் வளைத்தது. அப்புறம் தாள் எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரர் கல்லாவிலிருந்து தலையை ஆட்டினார்.

முடித்ததும் கேட்டேன், "தாளில் இருப்பதைத்தானே வாசிக்கச் சொன்னேன்?"

"அதை ஒரு தடவை வாசித்துவிட்டேனே," என்றாள். பிறகு கார்மைக்கேல் 1933-ல் தனியாகப் பியானோவில் பதிந்ததைக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் கைபேசியைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினாள். பாட்டை எழுதியவர், பாட்டை அச்சிட்டு நான்கு வருடம் கழித்து, தன் தாளைத் தானே மதிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

அச்சுத்தாளை நான் வாங்கிக்கொண்டேன். அக்கா மகன் நாட் கிங் கோல் வாங்கினான், தட்டுச் சுழற்ற வீட்டில் எதுவும் இல்லாமலே.